திரும்பி வரும் வழி

அனைவருக்கும் வணக்கம்.

விண்வெளிப் பயணம் என்று தலைப்புக் கொடுத்தால் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ராக்கெட் கிளம்புவதிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி, அடியில் நெருப்புப் பிடித்து, புகை சூழ்ந்து... பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. மேலே போனவர்கள் எப்படிக் கீழே வந்து சேர்ந்தார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

1961 மே 25 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஜான் கென்னடி பேசியதை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலாவில் இறக்க வேண்டும் என்றார். அந்த வாக்கியம் அதோடு முடியவில்லை. அவனைப் பத்திரமாகப் பூமிக்குக் கொண்டுவந்து சேர்க்கவும் வேண்டும் என்பது அதன் பின்பாதி. நம் நினைவில் முன்பாதிதான் நிற்கிறது. கஷ்டத்தில் பெரும்பங்கு பின்பாதியில்தான் இருந்தது என்பேன் நான்.

அதற்கு ஆறு வாரம் முன்னால், ஏப்ரல் 12 அன்று, யூரி ககாரின் வோஸ்டாக் 1 கலத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்திருந்தார். மொத்தம் 108 நிமிடம். திரும்பும்போது கலத்தின் இரண்டு பகுதிகளும் தனித்தனியாகப் பிரிய வேண்டும். பிரியவில்லை. ஒரு ஒயர்க் கட்டு இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கலம் உருண்டு புரண்டது. காற்றில் நுழைந்த சூட்டில் அந்த ஒயரே எரிந்து அறுந்த பிறகுதான் ஒரு நிலைக்கு வந்தது.

சரி, அப்புறமாவது கலத்தோடு வந்து இறங்கினாரா என்றால், அதுவும் இல்லை. சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியே தள்ளப்பட்டு, தனிப் பாராசூட்டில் வந்தார். திட்டமே அப்படித்தான். கலம் தரையில் மோதும் வேகத்தை உள்ளே இருப்பவர் தாங்குவது கடினம். ஆனால் விமானி கலத்தோடு சேர்ந்து இறங்கினால்தான் சாதனைப் பதிவு செல்லும் என்று அன்றைக்கு விதி இருந்தது. அதனால் சோவியத் அரசு பல வருடம் இந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. ஆரஞ்சு உடையும் வெள்ளைத் தலைக்கவசமுமாக வயலில் நடந்து வந்தவரை முதலில் பார்த்தவர்கள் ஒரு பாட்டியும் பேத்தியும். பயந்துபோய்ப் பின்வாங்கினார்கள். விண்வெளிக்குப் போய்வந்த முதல் மனிதருக்குப் பூமி கொடுத்த வரவேற்பு அதுதான்.

இறங்குவதில் ஏன் இவ்வளவு பாடு? பூமியை நெருங்கிச் சுற்றும் கலம் விநாடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. டன் கணக்கில் எரிபொருளை எரித்துச் சேர்த்த வேகம் அது. தரைக்கு வருவதற்குள் அவ்வளவையும் கரைத்தாக வேண்டும். அதற்காக இன்னொரு ராக்கெட்டைச் சுமந்துகொண்டு போக முடியுமா? ஆகவே காற்றையே பிரேக்காக வைத்துக்கொள்கிறார்கள். எஞ்சினை எதிர்த்திசையில் கொஞ்ச நேரம் இயக்கி, விநாடிக்கு நூற்றுச் சொச்சம் மீட்டர் வேகத்தைக் குறைத்தால் போதும். கலம் கீழே சரிந்து காற்றுக்குள் நுழையும். மிச்ச வேகம் வெப்பமாக மாறிப் போய்விடும்.

அந்த வெப்பம் கலத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் சூட்சுமம். ஊசி மாதிரி கூர்மையான மூக்கு இருந்தால் காற்றைக் கிழித்துக்கொண்டு சுலபமாக வரலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆரம்பத்தில் பொறியாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. 1950-களின் தொடக்கத்தில் ஜூலியன் ஆலன் என்ற அமெரிக்கப் பொறியாளர் கணக்குப் போட்டு, மழுங்கலாக இருப்பதுதான் நல்லது என்று காட்டினார். ஓடும் தண்ணீரில் ஒரு விரலை நீட்டிப் பாருங்கள், நீர் விரலை ஒட்டிக்கொண்டே ஓடும். உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள், கைக்கு முன்னால் நீர் மேடு கட்டி நிற்கும். அதுபோல மழுங்கிய அடிப்பாகம் தனக்கு முன்னால் அழுந்திய காற்றை ஒரு மேடாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. சூட்டில் பெரும்பகுதி அந்தக் காற்றோடு போய்விடுகிறது. கூர்மூக்கு ராக்கெட்டில் ஏறிப் போனவர்கள் கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒன்றில் திரும்பி வருவதற்குக் காரணம் இதுதான்.

இனி நான் சொல்லப்போவது எத்தனை முறை படித்தாலும் என்னை உலுக்குகிற சம்பவம். 1971 ஜூன். சல்யூட் 1 என்ற முதல் விண்வெளி நிலையத்தில் மூன்று வாரத்துக்கு மேல் தங்கிவிட்டு தோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ் மூவரும் சோயுஸ் 11 கலத்தில் கிளம்பினார்கள். கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் ஒரு சிறிய வால்வு திறந்துகொண்டது. தரைக்கு அருகே வந்ததும் வெளிக்காற்றை உள்ளே விட வேண்டிய வால்வு அது. திறந்துகொண்டதோ 168 கிலோமீட்டர் உயரத்தில். அதைக் கையால் மூடவும் வழி இருந்தது, ஆனால் நேரம் போதவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் உள்ளே காற்றே இல்லை. மற்றபடி எல்லாம் தானாக நடந்தது. பாராசூட் விரிந்தது, கலம் கஜகஸ்தானில் கச்சிதமாக இறங்கியது. மீட்புக் குழு கதவைத் திறந்தபோது மூவரும் அவரவர் இருக்கையில் இருந்தார்கள். உடல்கள் இன்னும் ஆறவில்லை. மார்பை அழுத்தி, செயற்கைச் சுவாசம் கொடுத்துப் பார்த்தார்கள், பயனில்லை.

காற்று போனாலும் உடலைக் காப்பாற்றும் அழுத்த உடையை அவர்கள் அணிந்திருக்கவில்லை. உடையோடு மூன்று பேர் உட்கார அந்தக் கலத்தில் இடம் கிடையாது. அதன் பிறகு பல ஆண்டுகள் சோயுஸில் இரண்டு பேர்தான் போனார்கள், உடையோடு.

இதைச் சொல்லிவிட்டு நிலாவைப் பற்றிப் பேசினால் அதன் துணிச்சல் இன்னும் நன்றாகப் புரியும். ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் 1969 ஜூலை 20 அன்று நிலாவில் இறங்கினார்கள். அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வர ஒரே ஒரு எஞ்சின். அதற்கு மாற்று கிடையாது. வெளியே நடந்துவிட்டு உள்ளே வந்து பார்த்தால், அந்த எஞ்சினை இயக்கத் தேவையான ஒரு சுவிட்சின் தலை ஒடிந்து தரையில் கிடக்கிறது. இடித்தது ஆளா முதுகில் மாட்டியிருந்த பெட்டியா, தெரியாது. ஆல்ட்ரின் தன்னிடம் இருந்த ஸ்கெட்ச் பேனாவை அந்தத் துளைக்குள் விட்டு அழுத்தினார். வேலை செய்தது. இருவரும் திரும்ப முடியாமல் போனால் அதிபர் நிக்சன் வாசிப்பதற்கென்று ஓர் இரங்கல் உரை ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. பேனா அதற்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது.

நிலாவுக்குப் போகும் வழியில் பழுதாகித் திரும்பிய அப்பல்லோ 13 கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதை விட்டுவிடுகிறேன். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 கிளம்பி வந்ததோடு, பன்னிரண்டு பேர் நடந்த நிலா மறுபடி காலியானது.

வேறு ஒரு வகையில் சிக்கிக்கொண்டவர் செர்கெய் கிரிகலேவ் என்ற சோவியத் விண்வெளி வீரர். 1991 மே மாதம் மீர் என்ற சோவியத் விண்வெளி நிலையத்துக்குப் போனார். சில மாதத்தில் வர வேண்டியவர். கீழே சோவியத் ஒன்றியம் தள்ளாடிக்கொண்டிருந்தது, திட்டங்கள் மாறின, இருக்கச் சொன்னார்கள், இருந்தார். 311 நாள் கழித்து 1992 மார்ச்சில் இறங்கியபோது, அவரை அனுப்பிய நாடே இல்லை. சொந்த ஊரான லெனின்கிராடுக்கும் பெயர் மாறிவிட்டிருந்தது. மனிதர் அசரவில்லை, அப்புறமும் பலமுறை போய்வந்தார்.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கும்போது சிதறி ஏழு பேர் இறந்தார்கள். இறக்கையில் அடி விழுந்தது புறப்பட்ட இரண்டாவது நிமிடத்தில். அதோடுதான் பதினாறு நாள் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப் பட்டுப் பட்டுத்தான் இன்றைய பழக்கங்கள் வந்தன. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் 2 முதல் ஒருநாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. அங்கே எத்தனை பேர் இருந்தாலும், அவசரத்தில் தப்பி வரக் கலங்கள் பூட்டப்பட்டபடி தயாராக நிற்கும். 2022 டிசம்பரில் அப்படி நின்ற சோயுஸ் ஒன்றிலிருந்து குளிர்விக்கும் திரவம் கசிந்தது. மாற்றுக் கலம் அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்குப் போன பிராங்க் ரூபியோ 371 நாள் இருந்துவிட்டு வந்தார். 2024-இல் எட்டு நாள் சோதனைக்குப் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் 286 நாள் கழித்து வந்ததை நாமே பார்த்தோம். அதைத் தோல்வி என்று சிலர் கேலி செய்தார்கள். சந்தேகமான கலத்தில் அவசரப்பட்டு ஏற்றாததை நான் அப்படிப் பார்க்கவில்லை.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்தையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். இஸ்ரோ 2007 ஜனவரியிலேயே ஆளில்லாத சிறு கலன் ஒன்றைப் பன்னிரண்டு நாள் சுற்றவிட்டு வங்கக் கடலில் இறக்கி மீட்டது. 2023 அக்டோபரில், ராக்கெட் பழுதானால் ஆட்களோடு கலனைப் பிய்த்துக்கொண்டு வரும் அமைப்பைச் சோதித்தது. யாரையும் ஏற்றுவதற்கு வெகுகாலம் முன்பே வரும் வழியைத்தான் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிலாவிலிருந்து வரும் கலம் காற்றில் நுழையும்போது விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகம். 2022-இல் ஆளில்லாமல் நிலாவுக்குப் போய்வந்த அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் 1 கலத்தில், சூட்டைத் தடுக்கும் வெப்பக் கவசம் எதிர்பாராத வகையில் துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்கவே நெடுங்காலம் ஆனது. கவசத்துக்குள் உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் உடைத்திருக்கிறது. ஆட்கள் போகும் அடுத்த பயணத்துக்கு, இறங்கும் பாதையையே மாற்றினார்கள்.

செவ்வாய் என்று வரும்போது கணக்கே வேறு. பூமியும் செவ்வாயும் பயணத்துக்குத் தோதாக நிற்பது 26 மாதத்துக்கு ஒருமுறை. போய்ச் சேர ஆறேழு மாதம், அங்கே ஒன்றரை வருடம் போலக் காத்திருப்பு, வர இன்னும் ஆறேழு மாதம். நாம் பேசுவது அங்கே கேட்க 22 நிமிடம்வரை ஆகலாம். திரும்பி வரத் தேவையான ஆக்சிஜனை அங்கேயே தயாரிக்கலாமா என்று செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில், அவ்வப்போது இயக்கி, மொத்தம் 122 கிராம் எடுத்தது. வழி இருக்கிறது என்று தெரிந்தது. தேவையோ டன் கணக்கில். இதைக் கேட்டதும், திரும்பவே வேண்டாம், போனவர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அது இந்தக் கஷ்டத்திலிருந்து நழுவுவதுதான் என்பது என் எண்ணம்.

வலேரி பல்யகோவ் என்ற மருத்துவர் 1994 ஜனவரியில் மீருக்குப் போய் 437 நாள் தங்கினார். எடையற்ற நிலையில் எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதம் அளவில் தேயும், தசை வற்றும். நீண்டநாள் இருந்துவிட்டு வருபவர்களைக் கலத்திலிருந்து தூக்கி எடுத்து நாற்காலியில் உட்கார வைப்பதுதான் வழக்கம். செவ்வாயில் இறங்குகிறவர்களைத் தூக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பல்யகோவ் அதை யோசித்து வைத்திருந்தார். 1995 மார்ச் 22 அன்று கலத்தைவிட்டு வெளியே வந்ததும், பக்கத்தில் போட்டிருந்த நாற்காலிவரை தானே நடந்து போய் உட்கார்ந்தார்.