அட்டாக் அடிக்கப் பயமா?

(சைக்கிள் நண்பர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு வீட்டுக் கதை. 2025 மே 31 அன்று மாலை இத்தாலியின் மூன்று வார சைக்கிள் பந்தயமான ஜீரோ டி இத்தாலியா பார்த்துக்கொண்டே நண்பனோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "இன்னும் ஒருத்தனும் அட்டாக் பண்ணலையே, எப்பதான் அட்டாக் வரும்" என்று நான் புலம்பியது சமையலறைவரை கேட்டிருக்கிறது. அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "யாருக்குப்பா அட்டாக்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்களா?" என்றார். நம் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். சைக்கிள் பந்தயத்தில் அட்டாக் என்றால் திடீரென வேகம் கூட்டி மற்றவர்களைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போவது. ஆனால் அன்று நடந்ததைப் பார்த்தால் அம்மா கேட்டதில் தப்பே இல்லை, இரண்டு பேருக்கு நெஞ்சே நின்றுபோயிருக்கும்.

அந்த நாளைத்தான் இன்று பேசப்போகிறேன். மலை ஏற்றங்களில் இந்தக் காலத்து வீரர்கள் துணிந்து தாக்குவதில்லை, கணக்குப்பிள்ளைகள் ஆகிவிட்டார்கள் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நானும் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

சரி, நடந்தது என்ன? ஜீரோவில் மொத்தம் 21 நாள் ஓட்டம், அது இருபதாவது நாள். மறுநாள் ரோமில் ஊர்வலம் மாதிரி ஒரு ஓட்டம், அதோடு முடிந்தது. எல்லா நாள் நேரத்தையும் கூட்டினால் முதலிடத்தில் இருப்பவருக்கான இளஞ்சிவப்பு ஜெர்சி இசாக் டெல் டோரோவிடம் இருந்தது. மெக்சிகோக்காரன், வயது 21. அவனுக்கு 43 விநாடி பின்னால் ஈக்வடாரின் ரிச்சர்ட் கராபஸ், 2019இல் இதே ஜீரோவை வென்றவர். மூன்றாவதாக 1 நிமிடம் 21 விநாடி பின்னால் சைமன் யேட்ஸ். வழியில் கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே என்ற மலை: பதினெட்டரை கிலோமீட்டர் ஏற்றம், சராசரிச் சரிவே ஒன்பது சதவீதத்துக்கு மேல், உச்சி 2178 மீட்டரில், கடைசி எட்டு கிலோமீட்டர் தார் இல்லாத சரளை ரோடு. நம்மில் யாராவது கோத்தகிரி ஏறிவிட்டு இரண்டு நாள் நடக்க முடியாமல் இருந்திருந்தால், அதைவிட ரொம்பச் செங்குத்தான ஒன்றை, அதுவும் மண்ணில், மூன்று வாரம் ஓட்டிய காலோடு ஏறுவதை யோசித்துப் பாருங்கள்.

ஏற்றம் தொடங்கியதும் கராபஸ் தாக்கினார். டெல் டோரோ அவர் பின்சக்கரத்தை விடவில்லை. யேட்ஸ் தன் வேகத்தில் வந்து இவர்களைப் பிடித்தார், பிறகு அவரே போனார், மறுபடி போனார், கடைசியில் தனியாகப் போயேவிட்டார். அப்போது இந்த இருவரும் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? ஒருவரையொருவர் பார்த்தார்கள். கராபஸ் நினைத்தது: ஜெர்சி அவனிடம், அவன்தானே துரத்த வேண்டும், நான் ஏன் அவனை இழுத்துக்கொண்டு போய் கடைசியில் அவனிடமே தோற்க வேண்டும்? டெல் டோரோ நினைத்தது: நான் இழுத்தால் இவர் என் முதுகில் ஓய்வெடுத்துவிட்டு உச்சியில் என்னை வெட்டுவார். இரண்டு நியாயமும் சரிதான். உச்சியில் யேட்ஸ் இருந்தது இரண்டு நிமிடத்துக்கும் குறைவான தூரத்தில். அந்தப் பக்கம் இறங்கினால், காலையிலேயே முன்னால் ஓடியிருந்த அவருடைய அணித்தோழர் வௌட் வான் ஆர்ட் காத்திருக்கிறார், பள்ளத்தாக்கு முழுக்க இழுத்துக்கொண்டு போக. அன்றைய முடிவிடமான செஸ்ட்ரியேரேயில் முடிக்கும்போது வித்தியாசம் ஐந்து நிமிடத்துக்கு மேல். மறுநாள் ரோமில் இறுதிக் கணக்கு: யேட்ஸ் முதலிடம், டெல் டோரோ 3 நிமிடம் 56 விநாடி பின்னால், கராபஸ் அவருக்கும் பின்னால். இரண்டு பூனை ஒரு அப்பம் கதையை இத்தாலிய மலையில் அப்படியே நடித்துக் காட்டினார்கள். குரங்கு என்று யேட்ஸைச் சொல்ல மனசு வரவில்லை, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது கொஞ்சம் கணக்கு. சமதளத்தில் ஒருவன் பின்னால் ஒளிந்து ஓட்டினால் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குவரை மிச்சம். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் குறைந்துவிட்டால் காற்றுக்குப் போவது மொத்த உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது, மீதியில் பெரும்பகுதி புவியீர்ப்புக்கு. அதனால்தான் மலையில் தனியாகப் போக முடிகிறது. ஆனால் உடம்புக்கு ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லையில் ஒரு மணி நேரம் தாங்கலாம், அதைத் தாண்டினால் சில நிமிடங்கள்தான். தாண்டி எடுப்பது கடன், அதுவும் நம்மூர் மீட்டர் வட்டிக் கடன். மூன்று நிமிடம் பறந்துவிட்டு அடுத்த பத்து நிமிடத்தில் தவணை கட்டவேண்டும், அந்தப் பத்து நிமிடத்தில்தான் பின்னால் நிதானமாக வந்தவர்கள் கையாட்டாமலே தாண்டிப் போவார்கள். 2012 டூர் டி பிரான்ஸில் ஸ்கை அணி செய்தது இதைத்தான். தலைவர் விகின்ஸுக்கு முன்னால் ரோஜர்ஸ், போர்ட், ஃப்ரூம் என்று ரயில்பெட்டி மாதிரி வரிசை, எல்லைக்குச் சற்றுக் கீழே ஒரே சீரான வேகம். நிபாலி தாக்குவார், அவர்கள் பதறமாட்டார்கள், ரயில் தன்பாட்டுக்கு ஓடும், கொஞ்ச நேரத்தில் நிபாலி திரும்பக் கைக்குள். பார்க்கும் நமக்குத்தான் கொட்டாவி.

அங்கிருந்துதான், மிதிக்கும் சக்தியை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டர் மேல் பழி வந்தது. ஹேண்டில்பாரில் வாட் எண் தெரியும்வரை எவனும் துணியமாட்டான், அதைப் பிடுங்கிப் போடுங்கள், காதிலிருக்கும் ரேடியோவையும் எடுங்கள் என்று. எனக்கு அதில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. காரணம் 1964.

அந்த வருட டூரில் பூய் டி டோம் என்ற எரிமலைக் குன்று. டூரில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியில் ஜாக் ஆங்க்டில், அவருக்கு 56 விநாடி பின்னால் ரேமோன் பூலிடோர், பிரான்ஸ் முழுக்க நேசித்த மனிதர். மீட்டர் கிடையாது, ரேடியோ கிடையாது, இதயத்துடிப்புப் பட்டைகூடக் கிடையாது. ஆங்க்டில் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார். ஆனால் பூலிடோரின் பின்னால் ஒட்டாமல் பக்கத்தில் வந்தார், தோளோடு தோள் உரச, எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்டிக்கொண்டு. அதுதான் அவருடைய தந்திரம். அந்தத் தோளைப் பார்த்த பூலிடோர் தாக்கவில்லை. கடைசி ஒரு கிலோமீட்டர் அளவு மிச்சமிருக்கும்போதுதான் ஆங்க்டில் உடைந்தார், பூலிடோர் போனார், 42 விநாடி எடுத்தார். ஜெர்சிக்கு இன்னும் 14 விநாடி பாக்கி. ஐந்து கிலோமீட்டர் முன்னால் ஒரு முறை எழுந்து மிதித்திருந்தால்! வாழ்நாள் முழுக்க அந்த மஞ்சள் ஜெர்சியை ஒரு நாள்கூட அவர் போட்டதில்லை. (அவருடைய பேரன் வான் டெர் பூல் 2021இல் போட்டுவிட்டு வானத்தைக் காட்டினார், அது தனிக்கதை.) அன்று பூலிடோர் பக்கத்தில் ஒரு பவர் மீட்டர் இருந்திருந்தால், அதுவும் ஆங்க்டிலின் சைக்கிளில் இருந்து இவர் எட்டிப் பார்க்க முடிந்திருந்தால், தைரியம் தானாக வந்திருக்கும். எண் தெரிவதாலா மனிதன் பயப்படுகிறான்? பக்கத்து ஆளின் எண் தெரியாததால்தான்.

எதிர்க்கணக்கு 2018. அதே ஜீரோ, அதே ஃபினெஸ்ட்ரே. கிறிஸ் ஃப்ரூம் 3 நிமிடம் 22 விநாடி பின்னால் கிடந்தார், முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். முடிவுக்கு 80 கிலோமீட்டர் இருக்கும்போது சரளை ரோட்டில் தனியாகக் கிளம்பினார். பைத்தியக்காரத்தனம் என்று கத்தினோம். பிறகுதான் தெரிந்தது, அவர் அணி அந்த மலை நெடுக ஆட்களை நிறுத்தி வைத்து, எந்த வளைவில் எவ்வளவு சாப்பிட வேண்டும், எந்த இடத்தில் பாட்டில் என்று கிராம் கணக்கில் போட்டிருந்தது. இந்த நூற்றாண்டின் மிகத் துணிச்சலான தாக்குதலை நடத்தியது நாம் கணக்குப்பிள்ளைகள் என்று ஏசிய அதே ஸ்கை அணிதான். முடிவிடமான பார்தொனெக்கியாவில் மூன்று நிமிடம் முன்னால் முடித்தார், ஜெர்சி 40 விநாடி வித்தியாசத்தில் அவருக்கு. (அந்தச் சமயம் சல்புட்டமால் என்ற ஆஸ்துமா மருந்தின் அளவு குறித்த விசாரணை ஒன்று அவர் தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது, ஜூலையில்தான் அது முடிந்து விடுவிக்கப்பட்டார். ஆகவே கைதட்டியவர்கள்கூடக் கொஞ்சம் தயங்கித்தான் தட்டினார்கள். நியாயம்தான். 2006இல் ஃப்ளாய்ட் லாண்டிஸ் ஒருநாள் எட்டு நிமிடம் இழந்துவிட்டு மறுநாள் மோர்சீனுக்குத் தனியாகப் பறந்ததைப் பார்த்துக் கண்கலங்கிய கூட்டம் நாம், அன்றைய பரிசோதனையில்தான் டெஸ்டோஸ்டிரோன் ஊக்கமருந்து பிடிபட்டது. "அந்தக் காலத்து வீரர்கள்" என்று பெருமூச்சு விடும்போது எந்தக் காலம் என்று ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.)

2018இல் ஃப்ரூமைத் துரத்தியவர்களைப் பாருங்கள். ஐந்து பேர். முந்தைய வருட ஜீரோவை வென்ற டுமுலாங்தான் உயிரைக் கொடுத்து இழுத்தார். இறக்கத்தில், துரத்தியவர்களில் இன்னொருவரான பினோவின் அணித்தோழன் ரைசன்பாக் சேர்ந்துகொள்ளட்டும், ஆள் பலம் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள், அந்தக் காத்திருப்பில் விநாடிகள் கொட்டின. மீதி இருவர் இழுக்கவே இல்லை. இளைஞருக்கான வெள்ளை ஜெர்சிக்கு அவர்களுக்குள் போட்டி, அதனால் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தார்கள். ஒருவர் மிகெல் ஏஞ்சல் லோப்பஸ். இன்னொருவர் யார் தெரியுமா? கராபஸ். ஆமாம், அதே கராபஸ், அதே மலை.

இப்படித் தன் இடத்தைக் காப்பாற்ற ஓட்டுவதைத் தப்பு என்று எளிதில் சொல்லிவிட முடியாது. 2020 முதல் அணிகளுக்கு மூன்று வருடப் புள்ளிக் கணக்கு, முதல் 18க்குள் வராவிட்டால் மேல்தட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். 2022 முடிவில் லோட்டோவும் இஸ்ரேல் அணியும் அப்படித்தான் இறங்கின. ஐந்தாமிடத்துக்கும் எட்டாமிடத்துக்கும் சம்பளம் இருக்கிறது. ஐந்தாமிடத்தில் இருப்பவன் வெற்றிக்காகத் தாக்கி வெடித்துப் பதினைந்தாமிடம் போனால், நாம் சோபாவில் உட்கார்ந்து "சபாஷ்" என்போம், அவன் அணி மேலாளர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஸ்லோவேனியாவின் பொகாச்சார் இருக்கிறாரே, அவர் தாக்குகிறாரே என்பீர்கள். 2024 உலகச் சாம்பியன் போட்டியில் சூரிக்கில் 100 கிலோமீட்டர் இருக்கும்போதே கிளம்பியவர். உண்மைதான், நானும் ரசிகன்தான். ஆனால் 2025 டூரில் லா பிளான் ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இரண்டாமிடத்தில் இருந்த விங்கெகார்டைவிட நான்கு நிமிடத்துக்கு மேல் முன்னிலை, ஜெர்சி போகவே போகாது. அன்று மொத்தக் கணக்கில் போட்டியிலேயே இல்லாத ஆரன்ஸ்மன் முன்னால் போனார், இவர் விங்கெகார்டைப் பார்த்தார், விங்கெகார்ட் இவரைப் பார்த்தார், கடைசியில் ஆரன்ஸ்மன் இரண்டே விநாடியில் ஜெயித்தார். பொகாச்சாருக்குக் காலில் பயம் என்று யாராவது சொல்வோமா? எவனைத் தோற்கடிக்க வேண்டும் என்று மூன்று வாரம் மனதில் வைத்திருக்கிறாயோ அவனைத் தவிர வேறு யாரையும் கண் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். மலைக்கு யாரும் பயப்படவில்லை. தெரிந்த ஒரு ஆளுக்குப் பயப்படுகிறார்கள், தெரியாத இன்னொருவன் போய்விடுகிறான்.

அதனால் ஃபினெஸ்ட்ரே 2025இல் என் தீர்ப்பு, நீங்கள் சண்டைக்கு வரலாம்: டெல் டோரோவை நான் குறை சொல்லமாட்டேன். 21 வயதுப் பையன், முதல் முறை இவ்வளவு பெரிய ஜெர்சி முதுகில், அவனுக்குப் பக்கத்திலிருக்கும் ஆளைப் பிடித்துக்கொள்ளத்தான் தெரியும். கராபஸுக்கு அந்தச் சாக்கு இல்லை. அவர் ஏற்கெனவே ஒரு ஜீரோ வென்றவர். இரண்டாமிடத்தைக் காப்பாற்ற நினைத்து மூன்றாமிடத்துக்குப் போனவர். எல்லாவற்றுக்கும் மேலாக, முறைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அதே ரோட்டில் ஏழு வருடம் முன்னால் நேரில் பார்த்தவர். அன்று அந்த வெள்ளை ஜெர்சிகூடக் கடைசியில் லோப்பஸுக்குத்தான் போனது.

யேட்ஸைக் குரங்கு என்று சொல்ல மனசு வரவில்லை என்றேன் இல்லையா? 2018இல் அந்தக் காலை இளஞ்சிவப்பு ஜெர்சியோடு கிளம்பியவர் அவர்தான். ஃபினெஸ்ட்ரேயின் அடிவாரத்திலேயே உடைந்து, அன்று ஒரே நாளில் 38 நிமிடத்துக்கு மேல் இழந்து, தனியாக ஊர்ந்து வந்தார். 2025 பாதையில் அந்த மலை மறுபடி வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே அது மனதின் ஓரத்தில் இருந்ததாக ஜெயித்த பிறகு சொன்னார், சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் அழுதார். மூன்றாமிடத்தில் இருந்ததால் யாரும் அவரைப் பார்க்கவில்லை, அவரும் யாரையும் பார்க்கவில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கராபஸ் ரசிகர்கள் முதலில் வாருங்கள், தேநீர் சூடாக இருக்கும்போதே.