கல்லுக்கு வாய் கொடுத்தவர்கள்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, தன் வீட்டுப் புத்தகங்களை அலமாரியோடு இந்த நூலகத்துக்குக் கொடுத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மாலை நேரம் முடிந்த பிறகும் நமக்காகக் கதவைத் திறந்துவைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்து அமர்ந்திருக்கும் பேரூராட்சி உறுப்பினர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம். எனக்குப் போர்த்திய துண்டுக்குப் பதிலாக ஒரு புத்தகம் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். துண்டும் கொடுத்து, புத்தகமும் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி.

பழைய கிரேக்கக் கல்லறைப் பாடல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். அந்தக் கற்கள் என்ன பேசின, அவற்றின் யாப்பு எப்படி, பிற்காலப் புலவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் ஒரு முதுமொழி. என் பேச்சைக் கேட்டவர்களுக்கு அது பழகிப்போன ஒன்றுதான்: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். நாப்பழக்கம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதென்ஸ் நகரைச் சுற்றியுள்ள நாட்டுக்கு அட்டிக்கா என்று பெயர். அங்கே மெரெண்டா என்ற இடத்தில் ஒரு பழைய தேவாலயம். அதன் கட்டடத்தில் ஒரு பீடக்கல் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. கல்லில் எழுத்து இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் பயணம் செய்த ஃபூர்மோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அதைப் படியெடுத்துக்கொண்டு போனார். பாட்டு இதுதான்:

“பிராசிக்ளேயாவின் நினைவுச்சின்னம் இது.
கன்னி என்றே என்றும் என்னை அழைப்பார்கள்.
மணவாழ்வுக்குப் பதிலாகத் தெய்வங்கள்
எனக்கு அளித்த பெயர் அது.”

கல்யாணம் ஆகும் முன்பே இறந்துபோன பெண். பாட்டு கிடைத்துவிட்டது, பெண்ணைக் காணோம். பீடத்தின் மேல் நின்றிருந்த சிலை எங்கே? யாருக்கும் தெரியவில்லை. இருநூறு ஆண்டுக்கும் மேலாக அந்தப் பீடம் தனியாகவே கிடந்தது.

அப்புறம் 1972 வந்தது. மாஸ்ட்ரோகோஸ்டாஸ் என்ற தொல்லியல் அறிஞர் அதே மெரெண்டாவில் தோண்டுகிறார். மண்ணுக்குள் ஒரு குழி. அதில் இரண்டு பளிங்குச் சிலைகளைப் படுக்கவைத்திருக்கிறார்கள். ஒன்று இளைஞன், இன்னொன்று இளம்பெண். பெண்ணின் தலையில் தாமரை மொட்டுகளும் மலர்களும் சேர்ந்த முடி. ஒரு கை ஆடையைப் பற்றியிருக்கிறது. இன்னொரு கையில் விரியாத மொட்டு. சிவப்புச் சாயம் ஆடையில் இன்னும் ஒட்டியிருக்கிறது. பீடத்தைக் கொண்டுவந்து பார்த்தார்கள். சிலையைப் பொருத்தப் பயன்பட்ட ஈயம் சாட்சி சொன்னது: அந்தப் பீடம், இந்தப் பெண். பாரோஸ் தீவின் அரிஸ்டியோன் செதுக்கிய சிலை. காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. யார் புதைத்தார்கள், பாரசீகப் படைக்கு அஞ்சியா, உள்ளூர் அரசியல் பகையாலா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு அந்த விவாதத்தைவிட முக்கியம் வேறு ஒன்று. இன்று ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அந்தச் சிலையும் பீடமும் சேர்ந்தே நிற்கின்றன. பெண்ணும் பாட்டும் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டில் ‘என்னை’ என்று வருகிறதே, அதைக் கவனித்தீர்களா? கல் தானாகப் பேசாது. வழியே போகிறவர் நின்று, எழுத்துக்கூட்டி, வாய்விட்டுப் படிக்க வேண்டும். அப்போது பிராசிக்ளேயாவின் ‘நான்’ அவர் வாயிலிருந்து வருகிறது. அந்தக் காலத்துக் கிரேக்க எழுத்தில் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. நம் ஓலைச்சுவடிகளும் அப்படித்தானே! நாக்கில் போட்டுப் பார்த்தால்தான் சொல் எளிதாகப் பிரியும். கல்லறையைப் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பாதை ஓரமாக வைத்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் படிக்க வேண்டும் என்பதே எண்ணம். “நில், குரோய்சோசின் சின்னத்தின் அருகே நின்று இரங்கு. போரில் முன்வரிசையில் நின்றவனை ஏரெஸ் அழித்தான்” என்கிறது இன்னொரு கல். ஏரெஸ் என்பது அவர்களுடைய போர்க்கடவுள். நில் என்று கல் கட்டளையிடுகிறது!

எல்லோரும் மேற்கோள் காட்டுவது தெர்மோபைலே பாட்டைத்தான். கி.மு. 480இல் தெர்மோபைலே கணவாயில் பாரசீகரை எதிர்த்து இறந்த ஸ்பார்ட்டா வீரர்களுக்கு உரியது. “வழிப்போக்கனே, ஸ்பார்ட்டாவினரிடம் போய்ச் சொல், அவர்கள் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து இங்கே கிடக்கிறோம் என்று.” பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார். நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய பாட்டு ஏதென்ஸின் கெராமெய்கோஸ் இடுகாட்டில் கிடைத்த அம்ஃபரேத்தே என்ற பாட்டியுடையது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கல்லில் செதுக்கிய உருவத்தில் மடியில் குழந்தையோடு அமர்ந்திருக்கிறாள். மேலே எழுத்து:

“என் மகள் பெற்ற செல்லத்தை ஏந்தியிருக்கிறேன்.
இருவரும் உயிரோடு வெயிலைப் பார்த்த நாளில்
மடியில் வைத்திருந்தேன்.
செத்த பிள்ளையைச் செத்த நான்
இப்போதும் ஏந்தியிருக்கிறேன்.”

இதை மனதுக்குள் படித்தால் ஒரு செய்தி. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பாதியில் தொண்டை அடைக்கும். இங்கே இருக்கும் பாட்டிமார்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

யாப்புக்கு வருகிறேன். இந்தப் பாடல்கள் பல இரண்டிரண்டு அடிகளாக அமைந்தவை. முதல் அடி நீளம், இரண்டாவது சற்றுக் குறைவு. நம் குறளின் நாற்சீரும் முச்சீரும் போல என்று சொன்னால் செவி உடனே பிடித்துக்கொள்ளும். அசைக்கணக்கு வேறு, இலக்கணம் வேறு. அதை விரித்தால் அவைத்தலைவர் மணியைப் பார்ப்பார். பிற்காலப் புலவர்களில் கல்லிமாக்கஸ் ஒருவரை மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்லறைப் பாட்டு வடிவில் அவர் எழுதியது இது. பன்னிரண்டு வயது மகனை இங்கே வைத்தான் தந்தை பிலிப்போஸ், தன் பெரிய நம்பிக்கையான நிக்கோத்தேலெசை. அவ்வளவுதான் பாட்டு. அழுகை என்ற சொல்லே கிடையாது.

இன்னும் ஒரு கல்லைச் சொல்லாமல் இறங்க முடியாது. துருக்கியில் அய்தின் நகருக்கு அருகே 1883 வாக்கில் அறியவந்த உருளைக் கல். செய்கிலோஸ் என்பவர் எழுப்பியது. சொல்லின் மேலேயே இசைக்குறி பொறித்திருக்கிறது. முழுமையாகக் கிடைத்த பாடல்களில் இசைக்குறியோடு இருப்பவற்றுள் இதுவே மிகப் பழையது என்பார்கள். “வாழும்வரை ஒளிர்ந்திரு, எதற்கும் வருந்தாதே, வாழ்வு கொஞ்ச காலம், முடிவைக் காலம் கேட்டு வாங்கும்.” ஒரு வீட்டில் பூந்தொட்டி வைப்பதற்காக இந்தக் கல்லின் அடிப்பாகத்தை அறுத்துவிட்டார்கள், கடைசி வரி சிதைந்துபோனது. இப்போது கோப்பன்ஹேகனில் இருக்கிறது. அடி போனாலும் பாட்டு போகவில்லை. அந்தக் குறிகளைப் பார்த்து இன்றும் பாடுகிறார்கள்.

பெரியோர்களே, இதற்காகத்தான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். நம் பிள்ளைகளுக்குக் கண்பழக்கம் வந்துவிட்டது, விரல்பழக்கம் வந்துவிட்டது. நாப்பழக்கம்? பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யுளுக்கு விடை எழுதுகிறது, முழு மதிப்பெண் வாங்குகிறது, அந்தச் செய்யுளை உரக்கப் படிக்கச் சொன்னால் தலை குனிகிறது. ‘அமைதி காக்கவும்’ என்ற பலகை நூலகத்தில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் அதைத் திருப்பி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சனிக்கிழமை மாலை, இதே கூடம், ஒரு மணி நேரம். பெரியவர் ஒருவர், பிள்ளை ஒருவர் என்று மாறி மாறி வாய்விட்டு வாசிக்க வேண்டும். பேச்சுப்போட்டி இல்லை, பரிசு இல்லை, நடுவர் இல்லை. தேநீர் குடிக்கும்போது அவைத்தலைவரிடம் கேட்டேன், யோசிக்கலாம் என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் நாம் பெயர் சேர்த்துவிடலாம். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். முதல் வாரம் தலைமையாசிரியர் ஐயா தொடங்கிவைக்க வேண்டும், சரியா ஐயா? தலையசைக்கிறார். நன்றி, வணக்கம்.