சாப்பிட மறுக்கும் பிள்ளை சொல்ல வருவது

அம்மாக்களே, அப்பாக்களே, தாத்தா பாட்டிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"நீ ஒழுங்கா ஊட்டினா பிள்ளை ஏன் இப்படி இளைச்சுக் கிடக்கப் போகுது?" இந்தக் கேள்வி காதில் விழாத தாய் இந்த அரங்கில் இருப்பது அரிது. கேட்டவர் நெருங்கிய உறவாகவும் இருக்கலாம், முன்பின் தெரியாதவராகவும் இருக்கலாம். அந்தப் பழியை உங்கள் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் நான் மேலே பேச வேண்டும். மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைக்கு உணவு இறங்கவில்லை என்றால், அதற்குக் காரணம் ஊட்டுகிற கையில் இல்லை.

விழுங்குவது சாதாரண வேலை இல்லை. ஒரு வாய் உணவு உள்ளே போக ஏறத்தாழ 30 தசைகள் வரிசை தப்பாமல் இயங்க வேண்டும். உணவு தொண்டையைக் கடக்கும் அந்த ஒரு நொடியில் மூச்சுக்குழாய் மூடிக்கொள்ள வேண்டும். மூளையிலிருந்து வரும் கட்டளை சற்றே தாமதித்தாலும் உணவோ நீரோ நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். அதைத்தான் புரையேறுதல் என்கிறோம். புரையேறினால் இருமல் வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு இருமலே வராது. சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று ஒலிக்கும். கண் கலங்கும். மூச்சு வேகமாகும். காரணம் புரியாமல் அடிக்கடி காய்ச்சலும் சளியும் வரும். இவற்றில் ஏதாவது இருந்தால், விழுங்குவதை எக்ஸ்ரே படமாக ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

அதனால்தான் 'அடம்பிடிக்கிறான்' என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. வாயை இறுக மூடுகிற பிள்ளை, முகத்தைத் திருப்புகிற பிள்ளை, கரண்டியைப் பார்த்ததும் உடம்பை விறைத்துக்கொள்கிற பிள்ளை, இவர்கள் எல்லோருமே எதையோ சொல்கிறார்கள். வலிக்கிறது என்கிறார்கள், பயமாக இருக்கிறது என்கிறார்கள், களைத்துவிட்டேன் என்கிறார்கள். மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைப்பதும், அழும்போது திறந்த வாயில் ஊட்டுவதும் கூடவே கூடாது. அழுகிற பிள்ளை மூச்சை இழுக்கும்போது உணவும் சேர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போகும்.

உட்கார வைப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினால் வேகமாக இறங்குகிறது என்று பலர் அப்படியே பழகிவிட்டார்கள். அந்த நிலையில் மூச்சுப்பாதை அகலத் திறந்திருக்கிறது. இடுப்பு நன்றாகப் பின்னால் பதிந்திருக்க வேண்டும், பாதங்கள் தொங்காமல் எதன் மேலாவது ஊன்றியிருக்க வேண்டும், தாடை மார்பை நோக்கிச் சற்றே தாழ்ந்திருக்க வேண்டும். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும். பிள்ளையின் கண் மட்டத்துக்கு நீங்கள் இறங்கி உட்காருங்கள். கரண்டியை நேராக, கீழுதட்டின் உயரத்தில் கொண்டுவந்து, நாக்கின் மேல் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருங்கள். கரண்டியைக் கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். அது பிடிவாதம் இல்லை, தசையின் அனிச்சைச் செயல். தானாக விடும்வரை பொறுங்கள். எளிதில் உடையும் கரண்டி வேண்டாம்.

தினமும் ஒரு வேளை உணவு 30 நிமிடங்களைத் தாண்டி நீள்கிறதா? அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் செலவிடும் உழைப்பு பிள்ளையின் உடம்பில் ஒட்டுவதில்லை.

தண்ணீரைவிடக் கெட்டியான உணவுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். பல பிள்ளைகளுக்கு இது நேர்மாறு. தண்ணீர் மிக வேகமாக ஓடுவதால் அதுதான் முதலில் புரையேறும். உணவின் கெட்டித்தன்மையை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரிக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற பன்னாட்டு அளவுமுறை இருக்கிறது. பானத்தின் கெட்டித்தன்மையை 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றை வைத்தே வீட்டில் சோதிக்கலாம். ஊசியில்லாத சிரிஞ்சில் 10 மில்லி நிரப்பி, முனையிலிருந்து விரலை எடுத்து, 10 விநாடி ஒழுகவிட்டு, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். எந்தப் படி உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் என்பதை விழுங்குதல் சிகிச்சையாளர்தான் சொல்ல வேண்டும். கெட்டியாக்கும் பொடியை நீங்களாக வாங்கிக் கலக்காதீர்கள்.

இனி வயிறு. சாப்பிட்டதும் முதுகை வில்லாக வளைத்து, கழுத்தைத் திருப்பி அழுகிற பிள்ளைக்கு வலிப்பு என்று மருந்து கொடுக்கப்படுவது உண்டு. இரைப்பையின் அமிலம் மேலே எதுக்களித்து வருவதாலும் அப்படி வளையும். 1964இலேயே மருத்துவ உலகில் பதிவான இதற்கு சாண்டிஃபர் நோய்க்குறி என்று பெயர். எதுக்களிப்பா, வலிப்பா என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம், வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அது நடக்கும்போது கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு நேரம் விவரித்தாலும் புரியாதது அந்த ஒரு நிமிடப் படத்தில் புரிந்துவிடும்.

மலச்சிக்கலைப் பற்றிப் பலர் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கிறேன். நடமாட்டம் குறைவு, குடிக்கும் நீர் குறைவு, வயிற்றுத் தசைக்கு வலு குறைவு. எச்சில் வடிவதைக் குறைக்கத் தரும் மருந்துகளும் குடலை மந்தமாக்கும். குடல் நிறைந்திருந்தால் பசி எப்படி வரும்? வாந்தி வரும், உடம்பு இறுகும், தூக்கம் போகும். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. உள்ளே கல்லாக இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர்த்த மலம் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்திவிடுவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். தினமும் எப்போது போனது, எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மலமிளக்கி மருந்து மாதக்கணக்கில் தேவைப்படலாம். நாலு நாள் சரியாகப் போனதும் நிறுத்திவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் எடை ஏறவில்லை, நுரையீரல் தொற்று விடவில்லை என்றால், வயிற்றில் குழாய் வைக்கலாம் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுத பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 'நான் தோற்றுவிட்டேனா?' என்பதுதான் அந்த அழுகையின் பொருள். வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், எண்டோஸ்கோப் என்ற, உள்ளே பார்க்கும் கருவியின் வழியாக இந்தக் குழாயைப் பொருத்தும் முறை 1979இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில், விழுங்க முடியாத ஒரு சின்னக் குழந்தைக்காகத்தான் முதன்முதலில் செய்யப்பட்டது. உங்கள் பிள்ளையைப் போன்ற ஒரு பிள்ளையை மனதில் வைத்துப் பிறந்த வழி அது. குழாயைச் சுற்றித் தொற்றோ கசிவோ வரலாம், எதுக்களிப்பு அதனால் தீராது. இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தேவை தீர்ந்தால் எடுத்துவிடவும் முடியும். மருந்தும் நீரும் உணவும் குழாயில் போய்விட்டால், ஒரு நாளின் எத்தனையோ மணி நேரம் விளையாட்டுக்கும் பேச்சுக்கும் திரும்பிக் கிடைக்கிறது.

அப்பாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊட்டத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் என்றால், அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் பிள்ளையும் பட்டினி. இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா சீட்டு அனுப்பியிருக்கிறார்: "குழாய் வைத்தபின் பிள்ளைக்கு ருசியே இல்லாமல் போய்விடுமா?" இல்லை அம்மா. பாதுகாப்பு என்று சிகிச்சையாளர் சொன்னால், நாக்கு நுனியில் தொட்டு வைக்கும் அளவுக்காவது வாய்வழி ருசி தொடரலாம். குடும்பம் சாப்பிட உட்காரும்போது பிள்ளையையும் கூடவே உட்கார வையுங்கள். வாய்வழி எதுவும் போகவில்லை என்றாலும் தினமும் இரண்டு முறை பல் தேய்த்துவிடுங்கள். வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கும். பிரஷைக் கொஞ்சமாக நனைத்தால் போதும், தலை முன்பக்கம் சாய்ந்திருக்கட்டும், வழிவதை உடனே துடைத்துவிடுங்கள்.