மணிப்புறா அமர்ந்த கோல்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, இவ்வரங்கை மனமுவந்து அளித்த நூலகத்தார் அவர்களே, வாழ்த்துரை வழங்கி என் பணியை எளிதாக்கிய பேராசிரியர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த குடிமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

சீனர் வழக்கில் புறா பெறும் பொருள்களைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். பெயர், கோல், வாலில் கட்டும் சீழ்க்கை என மூன்றையும் தொட எண்ணியுள்ளேன். வீட்டில் வளர்க்கும் புறாவைச் சீனர் 'கெ' என்பர். தோப்பில் கூவும் மணிப்புறா வகையை 'ஜியு' என்பர். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் காக்கவைப்பவரை அங்கே இன்றும் 'புறாவைப் பறக்கவிட்டார்' என்று குறைகூறுவர். முதியோருக்கு உரிய பறவையோ ஜியு.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தை ஆண்ட ஹான் அரசமரபைத் தோற்றுவித்த லியு பாங், பகைவன் சியாங் யுவிடம் தோற்றோடிப் புதருக்குள் பதுங்கினான் என்றொரு கதை உண்டு. துரத்திவந்த வீரர்கள் அப்புதரை நெருங்கியபோது, மேலே அமர்ந்திருந்த மணிப்புறாக்கள் சிறிதும் பதறாமல் கூவிக்கொண்டிருந்தன. உள்ளே ஆள் இருந்தால் பறவை இப்படிக் கூவுமா என்று எண்ணி அவர்கள் அப்பால் போயினர். உயிர் தப்பி அரியணை ஏறியவன், அந்நன்றியை மறவாமல், உச்சியில் புறா உருவம் அமைந்த கோலை முதியோருக்கு வழங்கினானாம். கதை எப்படியாயினும், 70 வயதை எட்டியோருக்கு ஹான் அரசு அக்கோலைக் கொடுத்ததற்கு அக்கால வரலாற்றைக் கூறும் நூலே சான்று. புறாவுக்கு இரை தொண்டையில் அடைக்காது, முதியோருக்கும் அடைக்கலாகாது என்று அந்நூல் காரணம் கூறுகிறது.

"காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்" என்பார் நம் முன்னோர். சிரித்த குருத்தோலையை ஹான் சட்டம் சும்மா விடவில்லை. 1959-இல் கான்சு மாகாணத்து வூவெய் அருகே ஒரு கல்லறையில் மரப்புறா அமர்ந்த கோலும் பத்து மரச்சுவடிகளும் கிடைத்தன. கோல் பெற்ற முதியவரைத் தன் ஏவலாளைக் கொண்டு அடிக்கச்செய்த காவல் அதிகாரிக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டதை அச்சுவடிகள் கூறுகின்றன. கோலுடையோர் அரசு அலுவலகங்களுக்குள் தடையின்றிச் சென்றுவரலாம். சந்தையில் வரியின்றி விற்கலாம்.

அவ்வளவு கடுமை நமக்கு வேண்டாம். ஆயினும், உதவித்தொகை மனுவும் கையுமாக அலுவலக வாசலில் கால்கடுக்க நிற்கும் பாட்டிமாரைக் காணும்போதெல்லாம், "காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும்" என்ற சொல்லே என் நெஞ்சைச் சுடுகிறது. அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்று பெற்றோர், மூத்த குடிமக்கள் நலனுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை எல்லா அலுவலகங்களுக்கும் விரிவாக்கி, ஒவ்வொரு கவுண்டரின் முன்பும் நான்கு நாற்காலிகளேனும் போட வேண்டும் என்பதே எம் கோரிக்கை. பெய்ஜிங் வானில் ஒலிக்கும் சீழ்க்கையைப் பற்றிப் பேச நேரம் இடம்தரவில்லை. அவைத்தலைவர் பொறுத்தருள வேண்டும். கோரிக்கை மனு வாயிலருகே மேசைமீது உள்ளது. கையொப்பமிட்டுச் செல்லுமாறு வேண்டி அமைகிறேன்.