மிஸ்ர சாபுவுக்கு கீபோர்டில் சொந்தமாக ஆர்ப்பும் டிரம்மும்

வணக்கம் நண்பர்களே, எனக்கு முன்னால் இருப்பது யமஹா எம்ஓடிஎக்ஸ் என்ற சிந்தசைசர் கீபோர்டு. இதற்குள் பத்தாயிரத்துக்கும் மேல் ஆர்ப்பெஜியோ, சுருக்கமாக ஆர்ப், அதாவது கட்டையைப் பிடித்தால் தானாக ஓடும் ஸ்வர அலையோ டிரம் அடியோ இருக்கிறது, ஆனாலும் ஏழு எண்ணிக்கை கொண்ட நம் கர்நாடக தாளமான மிஸ்ர சாபுவில் ஏதாவது வாசிக்கலாம் என்று உட்கார்ந்து ராத்திரி முழுக்கத் தேடியும் எனக்குச் சரியாக ஒன்றும் அகப்படவில்லை, எதைத் தொட்டாலும் நாலு நாலாகத்தான் போகிறது. அதனால் நாமே செய்துவிடுவோம். இதை நீங்கள் அவசியம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை, ஏனென்றால் நம் தாளம் நம் கீபோர்டில் இல்லை என்று விட்டுவிட மனசு வரவில்லை.

முதலில் வாயால் சொல்லிப் பாருங்கள். தகிட தகதிமி, தகிட தகதிமி. மூன்றும் நாலும் ஏழு. அழுத்தம் ஒன்று, நாலு, ஆறு, இந்த மூன்று இடத்திலும் விழும். வாய்க்கு வராதது விரலுக்கும் வராது, அதனால் ஒரு பத்து சுற்று சொல்லிவிட்டே கீபோர்டைத் தொடுங்கள்.

இப்போது ரெக்கார்டரில் டைம் சிக்னேச்சரை 7/8 என்று வைக்கிறேன். டெம்போவை நன்றாகக் குறைத்துவிடுங்கள், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஒரு டிரம் கிட் எடுத்து, சி1 கட்டையில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), டி1 கட்டையில் ஸ்னேர் (கணீரென்ற சின்ன டிரம்), எஃப் ஷார்ப்1 கட்டையில் மூடிய ஹைஹாட் (ஜோடித் தட்டு). முதல் ‘த’வில் கிக். நாலாவதிலும் ஆறாவதிலும் ஸ்னேர். ஹைஹாட் ஏழு இடத்திலும் உண்டு, ஆனால் ஏழையும் ஒரே பலத்தில் தட்டினால் தையல் மெஷின் ஓடுவதுபோல இருக்கும். கேளுங்கள்... இது எல்லாம் ஒரே வெலாசிட்டி, அதாவது ஒரே தட்டும் பலம். இப்போது ஒன்று, நாலு, ஆறை 110-க்கு ஏற்றி, மற்றதை 60 பக்கம் இறக்குகிறேன்... கேட்டீர்களா, கிக், ஸ்னேர் எதையும் மாற்றவில்லை, ஹைஹாட்டை மட்டும் தொட்டதற்கே தாளம் நடக்க ஆரம்பித்துவிட்டது.

சரி, இனி இதை ஆர்ப்பாக மாற்ற வேண்டும். ‘புட் டிராக் டு ஆர்ப்’ என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே கன்வர்ட் டைப் என்று ஒன்று இருக்கும், எல்லாக் குழப்பமும் அங்கேதான். டிரம்முக்கு ‘ஃபிக்ஸ்டு’ போடுங்கள், அப்போது எந்தக் கட்டையை அமுக்கினாலும் நீங்கள் தட்டியதே அப்படியே வரும். ‘நார்மல்’ போட்டால் அமுக்கிய ஸ்வரமும் அதன் மேல், கீழ் ஸ்தாயி ஸ்வரங்களும் மட்டும் ஒலிக்கும், டிரம்முக்கு அது ஆகாது. மூன்றாவது ‘ஆர்க் நோட்ஸ்’ (ஒரிஜினல் நோட்ஸ்). சி மேஜரில் ஒரு அலையை ரெக்கார்ட் செய்து, ரூட்டை சி என்று கொடுத்துவிட்டால், நீங்கள் டி மைனர் பிடிக்கும்போது அலையும் டி மைனருக்கு மாறும். கிட்டார், பியானோ மாதிரி ஆர்ப்புக்கு நான் எப்போதும் இதைத்தான் எடுப்பேன்.

ஒரு விஷயத்தை மறக்காமல் மனதில் வையுங்கள். ஒரு ஆர்ப்பில் மொத்தம் 16 வேறு வேறு கட்டைகள்தான் அடங்கும். நான் முதல்முறை காங்கா, ஷேக்கர், டாம் என்று நாலு டிராக்கையும் நிறைத்து மாற்றிவிட்டு, பாதி அடிகள் எங்கே போயின என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன். பதினாறைத் தாண்டியதை அது உதறிவிட்டிருந்தது. அதனால் டிரம்மை ஒரு ஆர்ப்பாகவும் காங்காவைத் தனி பார்ட்டில் (ஒரு வாத்தியத்துக்கான இடம்) இன்னொரு ஆர்ப்பாகவும் வைத்தால் நிம்மதி.

மெலடி ஆர்ப்புக்கு ஏழு இடத்தையும் நிரப்பாதீர்கள். ச, கொஞ்சம் மேலே ப, அப்புறம் ஒரு மௌனம், அடுத்து நாலாவதில் மேல் ச. மூன்றாவது இடத்தைச் சும்மா விட்டதால்தான் நாலாவது விழும்போது உடம்பே அசைகிறது. இதைப் பலமுறை நிரப்பியும் காலியாக விட்டும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஒரு பார்ட்டுக்கு எட்டு ஆர்ப் வைக்கலாம். முதலாவதில் சாதாரண நடை, இரண்டாவதில் கடைசி தகதிமியில் மட்டும் உருட்டு, இப்படி. ஆனால் ஒரு ஆர்ப்பிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்ற சேஞ்ச் டைமிங்கை ‘மெஷர்’ என்று வையுங்கள். ‘ரியல்டைம்’ இருந்தால் பட்டனை அமுக்கிய நொடியே மாறும், விரல் அரை எண்ணிக்கை பிந்தினாலும் தாளம் இடறும். ‘மெஷர்’ என்றால் அடுத்த சமத்துக்கு, அதாவது அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கைக்குக் காத்திருந்து மாறும்.

இப்போது டெம்போவை ஏற்றுகிறேன். இடது கையில் டி மைனர் பிடிக்கிறேன், டிரம் ஓடுகிறது, நாலாவது சுற்றில் இரண்டாவது ஆர்ப்புக்குப் போகிறேன், நீங்களும் தொடையில் ஒன்று, நாலு, ஆறு தட்டிக்கொண்டே வாருங்கள். தகிட தகதிமி...