ஸ்காபரோவில் தோண்டுகிறார்கள்

வணக்கம் நேயர்களே.

திருகோணமலையில் கனடாவில் ஒரு சொந்தமும் இல்லாத வீடு குறைவு. அந்தச் சொந்தங்களில் பலர் இருப்பது ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில். அங்கே இப்போது நிலத்துக்குக் கீழே ரயில் பாதை போடுகிறார்கள். கென்னடி நிலையத்தோடு நின்றுவிடும் இரண்டாம் இலக்கப் பாதையை 7.8 கிலோமீற்றர் நீட்டி, மூன்று புது நிலையங்கள் கட்டும் வேலை.

நான் இந்த ஊர்த் தெருக்களில் முப்பது வருடம் தண்ணீர்க் குழாய் பதித்தவன். கடற்கரைப் பக்கம் நாலடி தோண்டினாலே தண்ணீர் ஊறும், மணல் சரியும், பலகை முட்டுக் கொடுத்துக்கொண்டுதான் குழாயை இறக்குவோம். அதனால் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம் அந்த வேலைத்தளத்தைப் பார்க்காமல் வர மனம் வரவில்லை.

உள்ளே விடமாட்டார்கள். வேலி இடுக்கால் பார்த்தேன். வளைந்த கொங்கிரீட் துண்டுகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. நம் வீட்டுக் கிணற்று வளையத்தைப் பல மடங்கு பெருப்பித்து, துண்டு துண்டாக வெட்டி வைத்த மாதிரி. சுரங்கம் என்பதும் படுக்கவைத்த கிணறுதான். இயந்திரம் முன்னால் மண்ணைச் சுரண்டும். சுரண்டிய மண்ணை உடனே வெளியே விடாமல், முன் அறையில் அழுத்தத்தோடு பிடித்து வைத்து, அளந்து அளந்துதான் விடும். அந்த அழுத்தம்தான் எதிரே உள்ள மண்ணைச் சரியாமல் தாங்குகிறது. பின்னால் துண்டுகளைப் பூட்டி ஒரு வளையம் ஆக்குவார்கள். அந்த வளையத்தில் காலை ஊன்றி உந்துவது போல இயந்திரம் அடுத்த அடி போகும். வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சாந்து பாய்ச்சி அடைப்பார்கள். அதில் பிசகினால் மேலே தெரு இறங்கும்.

ஸ்காபரோ இயந்திரத்தின் விட்டம் 10.7 மீற்றர். மூன்று மாடி வீட்டின் உயரம். வழக்கமாகப் போகவும் வரவும் இரண்டு சுரங்கம் தோண்டுவார்கள். இங்கே ஒரே சுரங்கத்துக்குள் இரண்டு தண்டவாளமும்.

ஆனால் நேயர்களே, ஊரை வருத்துவது இந்த இயந்திரம் அல்ல. அது ஆழத்தில் தன் பாட்டில் போகும். வருத்துவது நிலையங்கள். அவற்றை மேலேயிருந்துதான் தோண்ட வேண்டும். அதற்கு முதல் தண்ணீர், கழிவுநீர், எரிவாயு, மின்கம்பி எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். ரொறன்ரோவின் முதல் சுரங்கப் பாதைக்காக 1949இல் யங் தெருவைத் திறந்தபோது, குழிக்கு மேல் மரப்பலகை பரப்பி, டிராம் வண்டிகளை அதன் மேலேயே ஓட விட்டார்கள். 1954இல் ரயில் ஓடியது. தெருவை அடியோடு மூடாமல் வேலை செய்யலாம் என்று அன்றே காட்டிய நகரம் அது.

கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் இருக்கிறது. 2004 ஏப்ரல் 20ஆம் திகதி, நிக்கல் நெடுஞ்சாலை ஓரம் தோண்டிய பெருங்குழியின் முட்டுகள் நெளிந்து, சாலையே உள்ளே போனது. நான்கு பேர் இறந்தார்கள். சுவர் நகர்வதை அளவுக் கருவிகள் முன்னரே காட்டியிருந்தன. இதை வாசித்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் ஆட்களைக் குழிக்குள் இறக்கியவன் அல்லவா.

சரி, ஸ்காபரோவுக்கு வருவோம். அங்கே 1985இலிருந்து ஓடிய பழைய ரயில் ஒன்று இருந்தது. 2023 ஜூலை 24 அன்று அது தடம் புரண்டது. அதோடு அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். புதியது முடியும்வரை பஸ்தான். என் மகள் வேலைக்குப் போவது அதில். பனிக்காலத்தில் விடிய முதல் அவள் பஸ் தரிப்பில் நிற்பதை யன்னலால் பார்த்திருக்கிறேன். சுரங்கத்துக்குப் பணம் ஒதுக்கும் நாளிலேயே, அதுவரை மக்கள் எப்படிப் போய்வருவது என்பதற்கும் ஒதுக்க வேண்டும். பஸ்ஸுக்குத் தனி வழி முதலில், குழி பிறகு. என் நிலைப்பாடு அதுதான்.

மகள் வீட்டுக்குக் கிட்ட சம்பூர்க்காரர் ஒருவர் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். வாகனம் நிறுத்தும் இடத்தை வேலி பிடித்துவிட்டதால் வியாபாரம் பாதியாம். கடையின் பின்சுவரில் பழைய வெடிப்பு ஒன்று. அதன் குறுக்கே, ஒன்றன்மேல் ஒன்று படிய, கண்ணாடி மாதிரித் தெளிந்த இரண்டு தகடுகளை ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றில் கட்டம், மற்றதில் சிவப்புக் கோடு. வெடிப்பு விரிந்தால், கோடு கட்டத்தின் மேல் விலகிக் காட்டும். ஒட்டியவர்கள் இடைக்கிடை வந்து குறித்துக்கொண்டு போவார்கள். இவரோ கடை திறந்து, சாமிப்படத்துக்கு விளக்கு ஏற்றியதும் முதல் வேலையாக அதைப் பார்த்து, ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுகிறார். என்னிடமும் காட்டினார்.

“இண்டைக்கும் அசையேல்லை ஐயா” என்றார்.