தேரைத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு ஆழம்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். படித்ததிலிருந்து மனம் இதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. "வளர்ப்புத் தேரைகளுக்காகப் பாதி நிலம், பாதி நீர் என்று செடிகளோடு ஒரு கண்ணாடித் தொட்டி அமைக்கிறேன். நீர்ப்பகுதி எவ்வளவு ஆழம் இருக்கலாம்? சிறிய அருவி வைக்கலாமா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

ஆழத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தேரை உட்கார்ந்திருக்கும்போது தண்ணீர் அதன் தாடையைத் தாண்டக் கூடாது. இனப்பெருக்கக் காலம் போக மற்ற நாட்களில் அது தரைவாசி. நீச்சலில் கெட்டிக்காரன் அல்ல. ஏறிவரச் சரிவான கரை இல்லாவிட்டால் களைத்து மூழ்கிவிடும். நீருக்குப் பாதித் தொட்டி எதற்கு? கால் பங்கே தாராளம். மிச்சத்தை மண்ணுக்குக் கொடுங்கள்.

இனி நான் எங்கே போவேன் என்று பழைய நேயர்களுக்குத் தெரியும். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை! அடிவயிற்றின் பின்பகுதியிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. என்னிடம் வயதான பெண் தேரை ஒன்று உண்டு. விளக்கை அணைத்த பிறகு மெல்ல நடந்து கிண்ணத்துக்கு வரும். பின்னங்கால்களை அகட்டி, வயிற்றை நன்றாக அழுத்தி உட்காரும். அதைப் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு மற்ற வேலையெல்லாம் மறந்துபோகும். ஆனால் அதே கிண்ணத்தில்தான் அது கழிவையும் விடுகிறது. கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதே தோல் வழியாக உடலுக்குள் போகிறது.

அதனால் அந்த நேயர் என்னிடம், "இந்தத் தண்ணீரைத் தினமும் எப்படி வெளியே எடுப்பது?" என்று கேட்டிருக்க வேண்டும் என்பேன். சிலிகான் ஒட்டிக் கட்டிய அழகான குளத்தை யாரும் தினமும் இறைப்பதில்லை. அருவி வைத்தாலும் நீரைச் சுற்றிவிடுமே தவிர, கழிவை வெளியேற்றாது. மண்ணுக்குள் பதித்த அகலமான தட்டு போதும். தூக்கலாம், கழுவலாம், திரும்ப வைக்கலாம். குளமே வேண்டும் என்பவர்கள் அடியில் வடிகுழாயும் திறப்பானும் வைத்துக் கட்டுங்கள். ஊற்றும் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். சில ஊர்க் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரமின் அப்படிப் போகாது. அதற்கு மீன் தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் நீர்ச்சீராக்கி வேண்டும்.

நிலப்பகுதியில் அடியில் நீர் வடியச் சுட்ட களிமண் உருண்டைகள், அதன்மேல் வலை, அதன்மேல் உரம் கலக்காத மண்ணும் தேங்காய்நார்த் தூளும். தேரை உடல் முழுவதும் புதையும் அளவுக்கு ஆழம் வேண்டும். பொடிக் கூழாங்கல் வேண்டவே வேண்டாம். இரையைப் பிடிக்கும் வேகத்தில் அதையும் சேர்த்து விழுங்கிவிடும், குடல் அடைத்துக்கொள்ளும். மணி பிளான்ட் நன்றாகத் தாங்கும். கடையிலிருந்து வந்த செடியின் பழைய மண்ணை உதறி, இலைகளைக் கழுவி, சிறு பூந்தொட்டியில் வைத்து, அதோடு அப்படியே புதையுங்கள். நேராக மண்ணில் நட்டால் இரவில் தோண்டிச் சாய்த்துவிடும். தேரைக்கு அது உரிமை என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. இறைத்த தண்ணீரைக் குளத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். தவளை, தேரை இனங்களை உலகெங்கும் அழித்துவரும் தோல் பூஞ்சை நீர் வழியாகப் பரவக்கூடியது.